காதில் இரைச்சல் புதிதாக வந்தவர்களுக்கு

நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு காதிலும் இரைச்சல், பல வருஷமாக. எங்கள் பக்கம் யாருக்காவது காதில் புதிதாக 'ஙொய்' என்று சத்தம் ஆரம்பித்தால் என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். தறிக்குடோனில் வேலை செய்பவர்கள், ஹெட்போனோடு ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஐ.டி. பிள்ளைகள், தீபாவளி வெடி காதருகே வெடித்தவர்கள், எந்தச் சத்தத்துக்கும் பக்கத்தில் போகாத பள்ளிக்கூட டீச்சர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். கேட்பது இரண்டே கேள்வி: இது எதனால் வந்தது? எப்போது போகும்?

முதல் கேள்விக்குக் கொஞ்ச தூரம்வரை பதில் தேட வேண்டும். அதற்கு மேல் தேடினால் தேடலே வியாதியாகிவிடும். இரண்டாவது கேள்விக்கு யாரும் தேதி சொல்ல முடியாது. சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நான் வைத்தியன் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டதும், படித்ததும், பட்டுத் தெரிந்ததும்தான் கீழே இருப்பவை.

1. எது அவசரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்த மாதிரி இருக்கிறது, கூடவே இரைச்சல். சளியாக இருக்கும், குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று ஒரு வாரத்தை ஓட்டிவிடுவது நம் வழக்கம். இந்த ஒன்றில் மட்டும் ஓட்டாதீர்கள். மூன்று நாளுக்குள் கேட்கும் திறன் சட்டென்று இறங்கிவிட்டால் அது உள்காதின் கோளாறாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்குக் காது திரும்ப வாய்ப்பு. இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகும். போனை ஒரு காதில் வைத்துக் கேளுங்கள், பிறகு மறு காதில். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் மருந்துக்கடைச் சொட்டு மருந்தோடு காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வெறும் அடைப்பாக இருந்தால் நல்லதுதான், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.

ஒரே காதில் மட்டும் இரைச்சல் நீடிப்பது, கூடவே தலை சுற்றுவது, காதில் சீழ் வடிவது, தலையில் அடிபட்ட பிறகு ஆரம்பிப்பது, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. முகம் ஒரு பக்கம் கோணினாலோ பேச்சு குழறினாலோ காது மருத்துவரைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. நாடியைப் பிடித்துப் பாருங்கள்.

மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு காதைக் கவனியுங்கள். இரைச்சல் ஒரே சீராக ஓடுகிறதா, இல்லை நாடித் துடிப்போடு சேர்ந்து 'புஸ் புஸ்' என்று வருகிறதா? துடிப்போடு வந்தால் அது வேறு வகை. ரத்தசோகை, தைராய்டு, காதை ஒட்டிய ரத்தக்குழாய், தலைக்குள் அழுத்தம் என்று காரணம் கண்டுபிடிக்கக்கூடிய வகை. மருத்துவர் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். 'துடிப்போடு சேர்ந்து வருகிறது' என்று நீங்களாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டமான ஓ.பி.யில் அதைக் கேட்க அவருக்கு மறந்துபோகலாம்.

3. காதுக்குள் எதையும் விடாதீர்கள்.

கொண்டை ஊசி, கோழி இறகு, தீக்குச்சி, பட்ஸ், காய்ச்சிய நல்லெண்ணெய், பூண்டுச் சாறு, எதுவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் காது குடைந்து விடுகிறவரிடமும் தலையைக் கொடுக்காதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றிய எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ச் சீழ் வைக்கும். பட்ஸ் அழுக்கை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். அந்த அழுக்கு செவிப்பறையை ஒட்டி இறுகினாலே இரைச்சல் வரும். அப்படி வந்தவர்கள்தான் எங்கள் கூட்டத்தில் அதிர்ஷ்டசாலிகள்: மருத்துவர் சுத்தம் செய்ததும் அந்த நாற்காலியிலேயே இரைச்சல் நின்றுபோகும்.

4. ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.

நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ்வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய சத்தம் உங்களுக்குக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இந்தச் சோதனை உண்டு.

'எனக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது' என்பார்கள். மில்லில் எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே நடப்பதால் பள்ளம் இருப்பது சொந்தக்காரருக்கே தெரியாது. கல்யாண மண்டபத்தில் பேசுவது புரியவில்லை, பேத்தியின் கீச்சுக் குரல் பிடிபடவில்லை, ச-வும் ஸ-வும் நழுவுகின்றன என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது வெளியே வரும்.

பள்ளத்துக்கும் இரைச்சலுக்கும் என்ன சம்பந்தம்? உள்காதில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. சத்தத்தை நரம்பின் மொழிக்கு மாற்றித் தருவது அவைதான். செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. ஒரு பகுதியில் செல்கள் செத்தால் அந்தச் சுருதியில் மூளைக்கு வர வேண்டிய வரத்து குறைகிறது. கோயில் விழாவில் பேச்சாளர் மைக்கைவிட்டுத் தள்ளிப் போனால் மைக்செட்காரர் என்ன செய்வார்? குமிழைத் திருகி ஏற்றுவார். குழாய் ஒலிபெருக்கி 'ஊய்' என்று கூவ ஆரம்பிக்கும். மூளையும் அப்படி ஏற்றி வைப்பதால்தான் வெளியே இல்லாத சத்தம் கேட்கிறது என்பது இன்று பெரும்பாலான நிபுணர்கள் ஒப்புக்கொள்ளும் விளக்கம். பலருக்கு இரைச்சலின் சுருதியும் பள்ளம் விழுந்த இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

சிலருக்கு ஆடியோகிராம் சுத்தமாக இருக்கும், இரைச்சலும் இருக்கும். 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்களே என்று குமுறுவார்கள். மயிர்ச் செல்கள் பிழைத்திருந்தாலும் அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகள் அறுந்துபோகலாம் என்று 2009-இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் காட்டினார்கள். வழக்கமான ஆடியோகிராமில் அது பிடிபடாது. ஆகவே உங்களுக்குக் கேட்பது கற்பனை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

செவித்திறன் குறைந்திருப்பதாக ஆடியோகிராம் காட்டினால் காதுக்கருவி போட்டுப் பாருங்கள். வெளிச் சத்தம் நன்றாக உள்ளே வந்தாலே பலருக்கு இரைச்சல் பின்னால் போய்விடுகிறது. மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படாத ஊர், காதுக்கருவிக்கு மட்டும் ஏன் இப்படிக் கூச்சப்படுகிறதோ!

5. காரணம் தேடுவதற்கு ஒரு வேலி போடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதிக அளவில் ஆஸ்பிரின், மலேரியாவுக்கான குவினைன், சிறுநீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைடு, காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், இவை காதைத் தொடக்கூடியவை. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கோ காசநோய்க்கோ சாப்பிடும் மருந்தைக் காதுக்காக விடுவது பெரிய ஆபத்து. மாற்று உண்டா என்று கேட்பதோடு உங்கள் வேலை முடிந்தது. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள். பல்லைக் கடித்தால், தாடையை முன்னால் தள்ளினால், கழுத்தைத் திருப்பினால் இரைச்சல் மாறுகிறதா? நிறையப் பேருக்கு மாறும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தாடை மூட்டில் வலியும் இருந்தால் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. ஒரு காதில் மட்டும் இரைச்சல், இரு காதின் கேட்புக்கும் வித்தியாசம், நாடியோடு துடிப்பது, நரம்புக் கோளாறின் அறிகுறி, இப்படி இருந்தால்தான் கேட்பார்கள். நரம்பில் கட்டி இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் விழித்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இருக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகும் பல பேருக்குக் காரணம் இதுதான் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. போன மாதம் போட்ட ஊசியா, அந்த ஆன்டிபயாட்டிக்கா, தலைக்குக் குளித்ததா, மாமனார் செத்த துக்கமா என்று நாள்காட்டியைப் பின்னால் புரட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்ததாலேயே முந்தியது காரணம் ஆகிவிடாது. அதோடு, காரணம் தெரிந்தாலும் பெரும்பாலும் வைத்தியம் மாறப்போவதில்லை. என் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும், ரிங் ஃப்ரேம் ஓடிய அந்தக் கூடம்தான். தெரிந்ததால் ஒரு டெசிபல்கூடக் குறையவில்லை.

6. போகுமா என்றால்...

வெடிச் சத்தம், மேளக் கச்சேரி, விமானப் பயணம், சளி, காது அழுக்கு, நடுக்காதுத் தொற்று, இவற்றால் வந்த இரைச்சல் சில மணி நேரத்தில், சில நாளில், சில வாரத்தில் அடங்கிவிடுவது சாதாரணம். அதனால் முதல் வாரங்களில் 'ஆயுள் தண்டனை' என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் தாண்டியும் இருந்தால் அதை நீடித்த இரைச்சல் என்று மருத்துவ உலகம் கணக்கில் வைக்கிறது. அப்போதுகூட 'போகும்' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. சத்தமே நின்றுபோவது ஒன்று. சத்தம் இருந்தும் நாள் முழுக்க நினைப்புக்கே வராமல் போவது இன்னொன்று. இரண்டாவது வகையில் தேறியவர்கள்தான் என் வயதில் அதிகம், நானும் அதில் சேர்த்தி. இதை எழுதுவதற்காகக் கவனித்துப் பார்த்தேன், இருக்கிறது. எழுதி முடித்துச் சாப்பிடப் போனால் மறந்துவிடும்.

புதிதாக வந்தவர்களுக்கு இது பிடிக்காது, தெரியும். முதல் மூன்று நான்கு மாதத்தில் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இரைச்சல் தனியாகக் காதைச் செவிடாக்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயமாவது ஒழியட்டும்.

7. காசை இறுக்கிப் பிடியுங்கள்.

இரைச்சலை முழுசாக நிறுத்தும் மாத்திரை இன்றைய தேதியில் உலகத்தில் எங்கும் கிடையாது. ஜிங்கோ பைலோபா, மெலடோனின், துத்தநாகச் சத்து மாத்திரைகளை இதற்காகச் சிபாரிசு செய்ய வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அதிகம் எழுதித் தரப்படும் பீட்டாஹிஸ்டின், தலைச்சுற்றலோடு வரும் மெனியர் நோய்க்குத் தருவது வேறு. வெறும் இரைச்சலுக்கு அது உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. '21 நாளில் குணம்' என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் பத்திரிகைக்காரர்களுக்குத்தான் சங்கடம்.

8. நிசப்தத்தைத் தேடிப் போகாதீர்கள்.

இரைச்சல் வந்ததும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கத் தோன்றும். அதுதான் அதற்குத் தீனி. ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் 1953-இல் காது நன்றாகக் கேட்கிற 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 100-க்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அதாவது, அவ்வளவு அமைதியில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இரைச்சல் உண்டு.

ராத்திரிக்கு மெல்லிய சத்தம் ஒன்று அறையில் இருக்கட்டும். ஃபேன் போதும். குளிர்காலத்தில் ரேடியோவைத் தாழ்வாக வையுங்கள், போனில் மழைச் சத்தம் ஓட விடுங்கள். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம். இரைச்சலும் மழையும் சேர்ந்து கேட்கும்படி ஒரு படி கீழேயே வையுங்கள்; ஒன்றை முழுதாக மறைத்துவிட்டால் மூளை அதற்குப் பழக வழியில்லை. இயர்போன் வேண்டாம், தலைமாட்டில் வைத்தால் போதும். நடு ராத்திரி விழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து போய் ஒரு வேலை செய்யுங்கள். நான் துணி மடிப்பேன்.

காபியை விட வேண்டுமா என்று கேட்காதவர் இல்லை. எல்லாருக்கும் பொருந்தும் விதி கிடையாது. மெனியர் நோய் இருப்பவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், அதைக் கேளுங்கள். மற்றவர்கள் தூக்கம் கெடாத நேரத்தில் ஒரு டம்ளர் குடிப்பதால் குடி முழுகிப்போகாது.

9. 'இன்னும் இருக்கிறதா?' என்று பார்ப்பதை விடுங்கள்.

காதை விரலால் அடைத்து அடைத்துப் பார்ப்பது. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகக் கவனிப்பது. நேற்றைக்கு இன்று கூடியதா என்று டைரி எழுதுவது. தேடினால் இருக்கத்தான் செய்யும்.

10. பயத்துக்கும் வைத்தியம் உண்டு.

இயந்திரத்தில் ஒப்பிட்டு அளந்தால் பெரும்பாலானவர்களின் இரைச்சல், கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபல்தான் அதிகமாக இருக்கும். அந்தச் சில டெசிபலோடு ஒருவர் கடை நடத்துகிறார், இன்னொருவர் சோறு இறங்காமல் படுத்துக் கிடக்கிறார். மூளை இந்தச் சத்தத்தை ஆபத்தின் அறிவிப்பு என்று குறித்து வைத்துவிட்டதுதான் வேதனைக்குக் காரணம் என்று 1990-இல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற அறிஞர் விளக்கினார். ஆபத்து இல்லை என்று மூளைக்குப் பழக்கினால் சத்தம் பின்னால் போகும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. இரைச்சலைக் குறைக்காது, அதன் தொல்லையைக் குறைக்கும். இதுவரை நடந்த ஆய்வுகளில் ஆதாரம் கூடுதலாக இருப்பது அதற்குத்தான். மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போவதால் உங்களுக்குப் பைத்தியம் என்று ஆகிவிடாது. சத்தத்துக்குப் பதிலாக வார்த்தைகள் கேட்டால், யாரோ பேசுவது போலக் கேட்டால், அது காது இரைச்சல் இல்லை. அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படி ஒரு உயிர் வேண்டுமா என்ற எண்ணம் வந்தால் அந்த ராத்திரியைத் தனியாகக் கடக்காதீர்கள். 104-க்கு அடிக்கலாம். 14416 டெலி-மனஸ் எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். முதல் மாதங்களில் அப்படித் தோன்றியவர்களில் பலர் இன்று என்னோடு டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள்.

11. வீட்டில் சொல்லிவிடுங்கள்.

வெளியே தெரியாத தொந்தரவு இது. காய்ச்சல் போல் தொட்டுப் பார்க்க முடியாது. ஒரு தடவை உட்கார்ந்து விவரமாகச் சொல்லுங்கள், பிறகு தினமும் சொல்லாதீர்கள். வீட்டுக்காரர்களே, 'இப்ப எப்படி இருக்கு?' என்று காலையும் மாலையும் கேட்காதீர்கள். மறந்திருந்தவரை நினைக்க வைப்பது அந்தக் கேள்விதான்.

12. மிச்சம் இருக்கும் காதைக் காப்பாற்றுங்கள்.

85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்கு. விசைத்தறிக்கூடம் 90-ஐத் தாண்டும் இடம். அங்கே ஃபோம் அடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள். உருட்டிச் சிறிதாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு விரியும்வரை அழுத்திக்கொள்ளுங்கள். சும்மா வாசலில் செருகி வைத்தால் பலன் இல்லை. செண்டை மேளம், அதிர்வேட்டு, டி.ஜே. பாக்ஸ் அருகே போனாலும் அதே. நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகும் பட்டாசு இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அதே அடைப்பானை வீட்டிலும் கடைவீதியிலும் மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். சாதாரணச் சத்தமே தாங்க முடியாத அளவுக்குக் காது கூச ஆரம்பித்துவிடும்.

மில்லிலோ தறிக்குடோனிலோ இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையிடத்துச் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சட்டப்படி தொழில்சார் நோய், ஈ.எஸ்.ஐ. பட்டியலில் அது இருக்கிறது. ஆனால் கேட்கப் போகும்போது எப்போது, எவ்வளவு குறைந்தது என்று காட்டத் தாள் வேண்டும். வேலைக்குச் சேரும்போது ஒரு ஆடியோகிராம், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. தேதி போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் கவரிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.